டாலஸ் விமான நிலையத்தில் சொன்ன செய்தி

வெள்ளிக்கிழமை காலை நுவார்க் விமான நிலையத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. பதினான்கு பெண்கள், மூன்று பயிற்சியாளர்கள், ஒரு மருத்துவ உதவியாளர், நான், என் உதவியாளர் மேகன். நியூஜெர்சியிலிருந்து டாலஸுக்கு ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் மைல். எங்கள் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு மறுநாள் மதியம் அங்கே ஆட்டம்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி அணிகள் எங்கே போனாலும் கூடப் போக வேண்டும். யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று குறிக்க வேண்டும், நிருபர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆட்டம் முடிந்த கையோடு செய்தி எழுதி அனுப்ப வேண்டும். சென்னையில் இதழியல் படித்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தபோது, ஒரு பருவத்துக்கு மட்டும் என்று கொடுத்த வேலை இது. இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. இந்த வேலையை நன்றாகச் செய்வேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

டாலஸில் இறங்கியதும் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளும் வெயில். பிளானோவில் தங்கல். எங்கள் விடுதிக்கு எதிரே மளிகைக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் ஒரே வரிசையில் நம்மவர்களுடையவை. சனிக்கிழமை காலை அங்கே இட்லி சாப்பிட்டேன். மூன்று இட்லி ஒன்பது டாலர். சாம்பார் பரவாயில்லை.

என்னோடு கயல் வந்திருந்தாள். அணியில் இருக்கும் ஒரே தமிழ்ப் பெண். கலிஃபோர்னியாவில் டப்ளின் ஊர்க்காரி. அப்பா செந்தில், அம்மா வசந்தி, இருவருக்கும் சொந்த ஊர் ஈரோடு. இது அவளுக்கு நாலாவது வருடம். நியூஜெர்சிக்கு அவர்கள் ஒரே முறை வந்தது அவளைக் கல்லூரியில் சேர்க்கத்தான், அதுவும் ஓர் ஆகஸ்டில். டெக்சாஸ் பாதி தூரம் என்பதால் இந்த ஆட்டத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். காலையில் பிடிக்க வேண்டிய விமானத்தைத் தவறவிட்டு அடுத்ததில் இடம் பிடித்திருந்தார்கள்.

“செகண்ட் ஹாஃபாவது பாப்பாங்களா, ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

“இரண்டரைக்குத்தான் லேண்டிங். ஆட்டம் முடிஞ்சிடும். டின்னருக்கு இருப்பாங்கல்ல?” என்றேன்.

ஆட்டம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. இரண்டாம் கால் பகுதியில் கயல் பந்தோடு கூடையை நோக்கித் தாவினாள். இறங்கும்போது வலது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. யாரும் அவளை இடிக்கவில்லை. தரையில் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அந்த மாதிரி விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே மேசையில் படுத்திருந்தாள். முழங்காலைச் சுற்றி ஐஸ். எலும்பு முறிவு இல்லை, தசைநார் கிழிந்திருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். என் போன் ஓயாமல் அதிர்ந்தது. விழுந்த காட்சி அதற்குள் பல பேர் கைக்குப் போயிருந்தது. உள்ளூர் நிருபர் ஒருவர் கூப்பிட்டார்.

“அவளுக்கு இந்த சீசன் முடிந்ததா?”

“ஐந்து மணிக்குச் சொல்கிறேன்.”

“அதற்குள் மற்றவர்கள் ஊகமாக எழுதிவிடுவார்கள்.”

“எழுதட்டும். நீங்கள் ஐந்து மணிக்குச் சரியாக எழுதுங்கள்.”

வீட்டுக்கு முதலில், ஊருக்குப் பிறகு. இதில் நான் யாருக்கும் விலக்குக் கொடுத்ததில்லை. ஆனால் இந்த வீட்டுக்காரர்கள் ஆகாயத்தில் இருந்தார்கள்.

கயல் என் கையைப் பிடித்தாள். எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அன்று தமிழில் சொன்னாள்: “என்னால போன்ல சொல்ல முடியாது, அழுதுடுவேன். நீங்க போய் சொல்லுங்க, ஆன்ட்டி. அவங்க வீடியோல பாக்க வேணாம்.”

இடைவேளையில் தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். போ என்று தலையசைத்தார். மேகனிடம் கணினியைக் கொடுத்துவிட்டு வாடகைக் கார் பிடித்தேன்.

விமான நிலையம் இருபத்தைந்து மைல். சுங்கச்சாலையில் கார் தங்குதடையில்லாமல் போனது. ஓட்டுநர் எத்தியோப்பியாக்காரர். யாரை வரவேற்கப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு, “முதலில் நல்லதைச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அப்படித்தான்” என்றார்.

வசந்தியின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: ‘கயல் நல்லா பேசிட்டு இருக்கா. நான் ஏர்போர்ட்ல வெளியே நிக்கறேன். வேற எதையும் திறந்து பாக்காம வாங்க.’

வந்தார்கள். செந்தில் முன்னால், கையில் ஒரு சின்னப் பெட்டி. வசந்தி இரண்டு கைகளாலும் கைப்பையை மார்போடு பிடித்திருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை ஆரம்பித்தேன்.

“வசந்தி, கயலுக்கு ஒரு சின்ன...”

“பாத்துட்டோம்க்கா,” என்றாள்.

எப்போது, எப்படி என்று எனக்குப் புரியவில்லை. செந்தில்தான் சொன்னார். “ஃப்ளைட்ல வைஃபை வாங்கி லைவ்ல பாத்துட்டு இருந்தோமுங்க. அவ விழுந்தா. அதோட கனெக்‌ஷன் போயிடுச்சு. இறங்கற வரைக்கும் வரவே இல்லை.”

“எந்திரிச்சாளாக்கா?” என்றாள் வசந்தி. “அது மட்டும் சொல்லுங்க.”

கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அந்தப் பெண் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் தயார் செய்து வைத்திருந்த எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஆட்டத்தின் மீதியைத்தான் கேட்டாள். அது என் தொழில். நடந்தபடி சொன்னேன்.

“எந்திரிச்சா. ரெண்டு பேர் தோள்ல கை போட்டு, ஒத்தைக் கால்ல குதிச்சுக்கிட்டே போனா. ஸ்ட்ரெச்சர் வேணாம்னுட்டா. வாசல் கிட்ட நின்னு திரும்பி, அவ இடத்துல இறங்கின பொண்ணுகிட்ட, எதிராளி இடது பக்கம்தான் வருவா, பாத்துக்கோன்னு கத்தினா. கூட்டம் எல்லாம் கை தட்டிச்சு, எதிர் டீம் ஆளுங்களும்.”

வசந்தி அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப சரி. வாங்க போலாம்,” என்றாள்.

காரில் மீதியைச் சொன்னேன்: தசைநார், ஸ்கேன், ஒருவேளை அறுவைச் சிகிச்சை. செந்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். வசந்தி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விடுதி அறையில் கயல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டினாள். வசந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்து ஐஸ் பையைத் தொட்டுப் பார்த்தாள். “உருகிப் போச்சு. வேற ஐஸ் யாரு வெச்சு விடுவா?” என்றாள். அவ்வளவுதான், இருவரும் அழுதார்கள். செந்தில், “ஜெயிச்சாங்களா?” என்று என்னைக் கேட்டார். நான்கு புள்ளியில் ஜெயித்திருந்தோம். மேகன் செய்தி அனுப்பியிருந்தாள்.

ஐந்து மணி நெருங்கியது. அறிக்கை எழுத உட்கார்ந்தேன். “லேசான காயம்னு போட்டுடலாமே,” என்றார் செந்தில். நான் கயலைப் பார்த்தேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள் இது: எனக்கு அடிபட்டிருக்கிறது. எவ்வளவு என்று இன்னும் தெரியாது. தெரிந்ததும் நானே சொல்வேன். ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பினேன். அந்த நிருபர் அப்படியே வெளியிட்டார். அதன்பின் ஊகங்கள் அடங்கின.

திங்கட்கிழமை எங்கள் ஊர் மருத்துவமனையில் ஸ்கேன் என்று முடிவானது. வசந்தி தன் அலுவலக மேலாளருக்குப் போன் செய்தாள். லீவு கேட்கவில்லை, வரமாட்டேன் என்று சொன்னாள். ஞாயிறு காலை இருவரும் எங்களோடு நுவார்க்குக்குக் கிளம்பினார்கள். டெக்சாஸை விட்டு எழும்பும்போது கீழே வெயிலும் சாலைகளும் அகலமாக விரிந்து கிடந்தன. எந்த ஊர் மைதானத்தையும் விட்டு வரும்போது எனக்கு ஒன்றும் தோன்றாது. அடுத்த ஆட்டத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். அன்று முன் வரிசையில், கயல் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நுவார்க்கில் காற்று கத்தி போல வீசியது. சக்கர நாற்காலியில் கயல். மெல்லிய கலிஃபோர்னியா ஜாக்கெட்டில் வசந்தி நடுங்கிக்கொண்டு நின்றாள்.

“இந்தக் குளிர்லயாக்கா நாலு வருஷம் இருந்தா?”

“இந்தக் குளிர்ல காலை அஞ்சரைக்குப் பிராக்டிஸுக்கு நடந்து போவா,” என்றேன்.

வசந்தி மகளைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்த பணியாளரிடம், நான் தள்ளுகிறேன் என்று கையால் காட்டிவிட்டு, பனியில் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.