சாமிப்படத்தில் விழுந்த வெள்ளை

லா சப்பலில் நாங்கள் இருந்த வீட்டுக்கு இரண்டு அறைதான். சித்தப்பா கொண்டுவந்த மெசினோ ஒரு முழு வீட்டின் காற்றையும் ஈரமாக்கக்கூடியது. அவர் வேலை செய்த ரெஸ்ரோறன்ற் முதலாளி புதுசு வாங்கியதும் பழையதை இவர் தலையில் கட்டினார். இவர் எங்கள் தலையில் கட்டிவிட்டார். தம்பி பிறந்து அதுதான் முதல் குளிர்காலம். குளிருக்குப் போடும் சொபாஜ் இரவுபகலாக எரிந்து வீட்டுக் காற்றே காய்ந்துபோக, பிள்ளை இருமு இருமென்று இருமினான். காற்றில் ஈரம் இருந்தால் நல்லது என்று டொக்டரும் சொல்லியிருந்தார்.

மெசின் என் பொறுப்பு. எட்டு வயது எனக்குத்தான் வீட்டில் பிரெஞ்சு ஒழுங்காக வாசிக்கத் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, அதில் எனக்குப் பெரிய எடுப்பு. பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் தாங்கியைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, பொத்தானை அமுக்குவேன். கிழமைக்கொரு தடவை வினாகிரி விட்டுக் கழுவு என்று அதோடு வந்த புத்தகம் சொன்னது, கழுவினேன். குழாய்த் தண்ணீர் விடாதே, உடுப்பு மினுக்கும் அயனுக்கென்று கடையில் விற்கும் தண்ணீரை விடு என்றும் சொன்னது. அதை நான் வாசித்துக் காட்ட, சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பைப் தண்ணியைப் பிரெஞ்சுக்காரனே குடிக்கிறான். மெசின் குடியாதோ?"

மெசின் குடித்தது. குடித்ததை வெள்ளைப் புகையாக ஊதியது.

கொஞ்ச நாளில் பிள்ளையார் படத்துக் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்ததை அம்மா கண்டா. விரலால் தொட்டுப் பார்த்தா. அப்படியே நிலத்தில் இருந்து அழத் தொடங்கினா.

"திருநீறு கொட்டுதப்பா! என்ரை பிள்ளையைக் காப்பாத்த வந்திட்டார்!"

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். அந்த வெள்ளை ரீவியிலும் இருந்தது. என் பள்ளிக்கூடப் பையிலும், கதவடியில் கிடந்த அப்பாவின் சப்பாத்திலும் இருந்தது. பிள்ளையார் ஏன் அப்பாவின் சப்பாத்தில் இறங்கவேண்டும்? கேட்டால் வாயிலேயே அடி விழும். கேட்கவில்லை.

கடைத்தெருவுக்குக் கதை போய், அம்மாவுக்குத் தெரிந்த அன்ரிமார் வாழைப்பழமும் கற்பூரமுமாக வந்து தேவாரம் பாடினார்கள். ஒரு அன்ரி கடதாசியில் கொஞ்சம் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டா. அம்மா அந்த வெள்ளையை எடுத்துத் தம்பியின் நெற்றியிலும் நெஞ்சிலும் பூசினா. இருமலோ குறையவில்லை, கூடியது. இருமும்போது நெஞ்சு உள்ளே போய்ப் போய் வந்தது. தொட்டிலைப் பிடித்தபடி, அவனுக்கு அடுத்த மூச்சு வருமட்டும் நானும் மூச்சு விடாமல் நிற்பேன்.

தம்பியைக் காட்ட டொக்டர் குறித்துத் தந்த நாள் வந்தது. போவோம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அம்மா விடவில்லை.

"சாமியே வீட்டை வந்திருக்கேக்கை ரொந்தேவு எதுக்கு? வரேல்லை எண்டு சொல்லு பிள்ளை" என்று போனை என் கையில் தந்தா. சொன்னேன்.

கைக்குழந்தையை ஏன் கொண்டுவரவில்லை என்று பார்க்க, அடுத்தநாள் ஒரு நேர்ஸ் வீட்டுக்கே வந்துவிட்டா. அன்ரிமார் தேவாரத்தைப் பாதியில் விட்டார்கள். நேர்ஸ் ரீவியில் விரலை இழுத்துப் பார்த்தா. மெசினைப் பார்த்தா. என்ன தண்ணீர் விடுகிறாய் என்று என்னைக் கேட்டா. பைப் தண்ணீர் என்றேன். தலையை ஆட்டிவிட்டு விளக்கமாகச் சொன்னா. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். ஐயோ, அந்த நேரம் எனக்குப் பிரெஞ்சு தெரியாமல் இருந்திருக்கக்கூடாதா?

"அம்மா... அது சுண்ணாம்பாம். பைப் தண்ணியிலை இருக்கிறதாம். மெசின் ஊதி ஊதி வீடெல்லாம் கொட்டியிருக்காம். அதுதான் தம்பிக்கு இருமல் கூடினதாம்."

அம்மா எனக்கு அடிப்பா என்று நினைத்தேன். அவ எழும்பிப் போய் மெசினின் வயரைப் பிடுங்கினா. அன்ரிமார் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். நேர்ஸ் தம்பியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சளி உள்ளே போகவில்லை, ஜன்னலைத் திறந்து விடுங்கள், சரிவந்துவிடும் என்றா.

"மூச்சு நிக்காதோ எண்டு கேள்" என்றா அம்மா.

கேட்டேன். நிற்காது என்றா நேர்ஸ்.

"நித்திரையிலை நிக்காதோ எண்டு கேள்."

கேட்டேன். நிற்காது என்றா.

"வடிவாக் கேள், பிள்ளை. நிக்காதோ?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அவ சொல்லிப்போட்டா அம்மா!" என்று சீறினேன். ஆனால் நேர்ஸ், போட்ட கோட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் இருந்தா. அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. இவ ஏன் இன்னும் போகாமல் இருக்கிறா என்று எனக்கு ஒரே எரிச்சல்.

எனக்கு முன்னம் வன்னியில் அம்மாவுக்கு ஒரு பிள்ளை பிறந்ததையும், ஒரு மாரியில் சளி கட்டி, நித்திரையிலேயே அதன் மூச்சு நின்றதையும் நான் வளர்ந்தபிறகுதான் சொன்னார்கள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் இடையில் நின்று எல்லாச் சொல்லையும் மொழிமாற்றிச் சொன்னது நான். அம்மா என்ன கேட்கிறா என்று விளங்கியதோ, ஒரு சொல் தமிழ் தெரியாத அந்த நேர்ஸுக்குத்தான்.