மிஞ்சாத வீட்டில் அம்மா கொடுத்தது

எங்கள் அம்மா ஆண்டவரிடம் போய் ஓராண்டு ஆகிவிட்டது. பிறந்தது இறம்பொடை, வாழ்க்கைப்பட்டு வந்தது லிந்துலை. தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு மாதா கோவிலுக்குப் போகிறவர். நினைவு மலருக்கு அம்மாவின் நற்குணங்களை எழுது என்றார் அண்ணன். அன்பானவர், தர்மம் செய்தவர் என்று எழுதி முடித்துவிடலாம். என்னால் முடியவில்லை. அந்த இரண்டும் ஒன்றல்ல என்று எங்கள் வீடு பட்டுத் தெரிந்துகொண்டது.

எழுபதுகளில் மலையகத்தில் வந்த பஞ்சம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தோட்டத்தில் வேலை நாளைக் குறைத்தார்கள். கடையில் மாவில்லை. பூசை முடிந்து சாமியார் கொடுத்த கோதுமை மாவில்தான் எங்கள் உயிர் ஓடியது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயத்தில் அடுத்த வீடு ராக்காயி அத்தை வீடு. புருஷனை இழந்தவர். அவர் மகள் செல்விக்கு எங்கள் தங்கச்சி வயசுதான்.

ஒருநாள் அம்மா ரொட்டியைத் தட்டில் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினார். "பசி இல்லன்னு சொல்லும்மா" என்று அத்தை திருப்பிவிட்டார். செல்வி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாகப் போற நேரத்துலயும் என்னா ரோஷம் பாரு!" என்றார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. எங்கள் லயத்தில் வந்த தட்டை யாரும் வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். ஒரு பிடி கீரையாவது வைப்பார்கள். அத்தையிடம் வைக்க ஒன்றுமே இல்லை.

அம்மா மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

"மதினி, எங்க வீட்ல காஞ்ச வெறகு இல்ல. இனிமே ஒங்க அடுப்புலயே ரெண்டு வீட்டுக்கும் சுடுவோம்."

அத்தை அழுதுகொண்டே அடுப்பை ஊதினார்.

ஐயோ, அந்த மாவு எத்தனை நாளைக்குக் காணும்! சீக்கிரமே தீர்ந்தது. வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தோம். தங்கச்சிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே அம்மாவின் தோளில் அடங்கிவிட்டாள். செல்வி பிழைத்துக்கொண்டாள்.

"மிஞ்சுனத மட்டும் குடுத்திருந்தா தங்கச்சி இருந்திருப்பாம்மா!" என்று நான் கத்தினேன்.

அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "மிஞ்சுனதக் குடுத்தா அது தர்மம்டி. நம்மகிட்ட என்னா மிஞ்சுச்சு? அந்தப் புள்ள பாத்துக்கிட்டு நிக்கையில ஒங்களுக்கு மட்டும் ஊட்ட என் கை போகலையே, நான் என்னா செய்வேன்!"

அதற்குப் பிறகு அம்மா அதைப் பேசியதே இல்லை. கோவிலில் அன்பைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மலசலம் அள்ளியவள் செல்விதான்.

அடக்கப் பூசை வைத்த சாமியாருக்கும், ராகலையிலிருந்து ஓடி வந்த உறவினருக்கும், மழையில் பெட்டி சுமந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்விக்கும் நன்றி. அவளுக்கு நல்ல சேலையாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அவளைப் பார்க்கும்போதெல்லாம், தங்கச்சி இருந்திருந்தால் இந்த உயரம்தான் இருப்பாள் என்று வயிறு எரிகிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன இன்னும் என்னால் முடியவில்லை. அம்மாவுக்கு உங்கள் ஜெபம் தேவைப்படாது. எனக்காக ஜெபியுங்கள்.