ஆறு கார்பனும் அண்ணன் குடும்பமும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சிட்லபாக்கம் வீட்டில் ஒரு கெமிக்கல் ஒழுங்காகக் கொதிக்க மறுத்தது. அடுப்பில் அல்ல... லேப்டாப்பில்.

மகள் நிவேதா பொத்தேரி காலேஜில் கெமிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருடம். அவளுடைய ப்ராஜெக்ட் என்ன தெரியுமா? ஒரு கெமிக்கலைக் கண்ணால் பார்க்காமலேயே, அதன் மூலக்கூறு அமைப்பை மட்டும் வைத்து, எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று சொல்வது! ஜாதகம் பார்ப்பது மாதிரியா என்று கேட்டேன். முறைத்தாள்.

விஷயம் எளிதுதான். மூலக்கூறைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் அட்டவணையில் ஓர் எண் உண்டு. எல்லாவற்றையும் கூட்டி, அதோடு எல்லாருக்கும் பொதுவான ஓர் எண்ணையும் சேர்த்தால் கொதிநிலை வந்துவிடும். இதற்கா நாலு வருஷம் படிப்பு?

ஆனால் மறுநாள் ரிவ்யூ. தெரிந்த கெமிக்கலுக்கே தப்பாகச் சொல்லும் ப்ரோகிராமைப் புதுசுக்கு எப்படி நம்புவது என்று ப்ரொஃபசர் ஏற்கெனவே ஒரு முறை திருப்பி அனுப்பியிருந்தார். இந்த முறையும் தவறினால் டிகிரியே தள்ளிப்போகும்.

அந்தத் தெரிந்த கெமிக்கல், சைக்ளோஹெக்ஸேன். ஆறு கார்பன்கள் கைகோத்து வளையமாக நிற்குமாம். 81 டிகிரியில் கொதிக்கும் என்கிறது புத்தகம். 62 என்று சாதிக்கிறது லேப்டாப். மூன்று நாளாக இதே கதை. “அப்பா, நாளைக்கு நான் காலிப்பா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த நேரம் பார்த்தா அண்ணன் போன் செய்ய வேண்டும்? கீழ்க்கட்டளையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறாராம். ஆறு பேர்.

எவ்வளவு அரிசி போடுவது என்று என் மனைவி விஜி யோசித்தாள். நானும் சும்மா இருந்திருக்கலாம். போன வாரம் அண்ணன் தனியாக வந்தபோது ஒரு டம்ளர் போட்டோம், இப்போது ஆறு டம்ளர் போடு, இதில் என்ன யோசனை என்றேன்.

விஜி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உங்க அண்ணன் தனியா வந்தா ரசம் சாதம் போதும்பாரு. அண்ணி, புள்ள, மருமக, பேரப் பசங்கன்னு சுத்தி உக்காந்துட்டா, அதே மனுஷன் வடை இல்லையான்னு கேப்பாரு. தனி ஆள் கணக்கு வேற, கூட்டத்துல கணக்கு வேற. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இதுகூடத் தெரியலையா?”

உள்ளேயிருந்து நிவேதா ஓடி வந்தாள். “அம்மா, அதைத் திரும்பச் சொல்லு.”

சொன்னாள். இந்த முறை அண்ணியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அதே கார்பனுக்கு அட்டவணையில் இரண்டு எண்கள். நேர்ச்சங்கிலியில் நின்றால் ஒன்று. வளையத்துக்குள் நின்றால் அதைவிடக் கூடுதலாக இன்னொன்று. நம் பெண் ஆறு கார்பனுக்கும் சங்கிலி எண்ணையே போட்டு வைத்திருக்கிறாள். மாற்றியதும் 88 வந்தது. 81 இல்லையே என்று நான் பதற, இந்த முறையில் ஏழு டிகிரி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லையாம்.

மறுநாள் ப்ரொஃபசர் ஓகே சொல்லிவிட்டார். தப்பை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டாராம். “எங்க பெரியப்பா சாப்பிட வந்தாரு சார்” என்றாளாம் இவள்.

மனிதர்களையும் நாம் தனியாகப் பார்த்துத்தானே எடை போடுகிறோம்? சுற்றி வளையம் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆள் யாரென்று தெரிகிறது.

அண்ணன் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர். தனியாகப் படித்தால் சிரித்துவிடுவார்... அண்ணி பக்கத்தில் இருந்தால்தான் எனக்குக் கவலை!