மூன்று ஊருக்கு ஒரு கோட்

படம் எடுக்கிற தொழிலில் கமெரா பழுதாவது சின்னக் கரைச்சல். பெரிய கரைச்சல், படத்தில் விழுந்த முகம் தன்னுடையதுதான் என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளாதது. கடைக்காரரைக் கட்டிக்கொண்டு, அவர் கடையையும் சேர்த்துச் சுமக்கிற சகோதரிகளுக்கு இது புதினமாக இராது.

எங்கள் ஸ்டூடியோ செட்டிபாளையத்தில், மெயின் ரோட்டைப் பார்த்த வீட்டு முன்னறையில் இருந்தது. ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கிய காலம். ரோட்டை மூடினால், மட்டக்களப்புக் கலர் லாப்புக்குக் கழுவப் போன பிலிம் ரோல் எப்போது வரும் என்று அந்த லாப்காரனுக்கே தெரியாது. அதற்குள் வாடிக்கையாளர் கல்முனைப் பக்கம் போய் வேறு படம் எடுத்துவிடுவார். கடையைப் பூட்டுகிற யோசனையில் இருந்தபோதுதான், சிறு கடைகளைக் கொம்பியூட்டருக்கு மாற்ற அரசாங்கம் பாதி விலை கொடுக்கிறது என்று கேள்விப்பட்டோம். பழைய கமெராக்களை விற்று எங்கள் பாதியைக் கட்டினார் என் வீட்டுக்காரர். கொம்பியூட்டரும் பிரிண்டரும் டிஜிட்டல் கமெராவும் வந்தன. கூடவே ஒரு நிபந்தனை: ஆறு மாதத்தில் உத்தியோகத்தர் வந்து பார்ப்பார், சாமான் தொழிலுக்குப் பாவிக்கப்படவில்லை என்றால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். போனால் எங்களிடம் பழசும் இராது, புதுசும் இராது.

சந்தனப் பொட்டு

இவ்வளவு தெரிந்தும் என் வீட்டுக்காரர் என்ன செய்தார்? மொனிட்டருக்குச் சந்தனம் வைத்து, மல்லிகைச் சரம் போட்டு, மேலே தன் கலியாணப் பட்டுச் சால்வையைப் போர்த்திவிட்டார். அறைக்குள் செருப்புடன் ஒருவரும் வரக்கூடாது. நான் கூட்டப் போனாலும், "தூசி எழும்பும், மெதுவா" என்பார். வாரக்கணக்கில் அதைத் திறக்கவே இல்லை. திறந்தால் பழுதாகிவிடுமாம்.

சாமானைப் பொருத்தியாயிற்றா என்று பார்க்க ரவீந்திரன் வந்தார். திட்டத்துக்குப் பொறுப்பான அரசாங்கத் திணைக்களத்து உத்தியோகத்தர் அவர்தான். கலியாணமாகாத பொடியன், நல்ல கறுவல், முகம் நிறையப் பரு. பட்டுச் சால்வையைத் தூக்கிப் பார்த்தார். மல்லிகைச் சரத்தைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணன், இது பாவிக்கத் தந்த சாமான். கும்பிடுறதுக்கெண்டா அது வேற திணைக்களம்."

வடிவு கூடிப்போச்சு

அன்றைக்கே சால்வையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு நான் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். கொன்வென்ட் சிஸ்டர்மார் எனக்கு இங்கிலீசும் டைப்பிங்கும் பொறுமையும் படிப்பித்தார்கள். கடைசிப் பாடத்தில் நான் பெயில். மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டு, மெஷினோடு வந்த புத்தகத்தை வாசித்து, முகத்தில் உள்ள பருவை அழிக்கவும் தோலை வெளுக்கவும் பழகினேன். வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் ஷெல் விழுந்தால் மேசை குலுங்கும். மவுஸை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். இல்லாவிட்டால் பருவோடு மூக்கும் போய்விடும்.

முதலில் வந்தவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்த தேற்றாத்தீவுப் பெண். பாஸ்போட் படம். எனக்குப் புது வித்தை கைவந்த சந்தோஷம்; கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை எடுத்து, கன்னத்தை மினுக்கி, ராசாத்தி மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். அவள் படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, இப்பிடி அனுப்பினா அந்த வீட்டு மேடம் என்னை வேணாமெண்டிருவா. கொஞ்சம் வடிவைக் குறைச்சு விடுங்கக்கா."

கோட்

கொம்பியூட்டருக்குள் ஒரு கோட் கிடந்தது. கறுப்புக் கோட், சிவப்பு டை. படத்தில் தலையை வெட்டி அதற்கு மேல் வைத்தால் ஆள் வங்கி மனேஜர்தான். நெற்சாக்குத் தூக்குகிறவர், வலை போடுகிறவர், சைக்கிள் கடைக்காரர் எல்லாரும் வந்து அந்தக் கோட்டுக்குள் புகுந்தார்கள். செட்டிபாளையம், குருக்கள்மடம், தேற்றாத்தீவு மூன்று ஊருக்கும் அது ஒன்றுதான். வேர்வை இல்லை, தோய்க்கத் தேவையில்லை.

கலியாணத் தரகருக்குத்தான் கொண்டாட்டம். குருக்கள்மடத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று மாப்பிள்ளைமாரின் படத்தைக் கொண்டுபோய் வரிசையாகப் பரப்பியிருக்கிறார். பெண்ணின் தாய் கண்ணாடியைப் போட்டு மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாவாம். பிறகு கேட்டாவாம்: "மாப்பிள்ளை ஆரெண்டு மறுகா பாப்பம். முதல்ல, இந்தக் கோட் ஆர்ட?"

பரிசோதனை

பார்வையிடும் நாளுக்குக் கொஞ்ச நாள் முந்தி ரவீந்திரன் மறுபடி வந்தார், இந்த முறை வாடிக்கையாளராக. அலுவலகத்தில் புது அடையாள அட்டை கொடுக்கிறார்களாம், படம் வேண்டும். எங்கள் கடையின் விதி இவர் கையில் என்று எனக்குத் தெரியாதா? பருவை எல்லாம் துடைத்தேன். தோலை ஐந்தாறு படி வெளுத்தேன். தாடையை ஒதுக்கி, கோட்டைப் போட்டு, டையை நீலமாக மாற்றினேன். அவர் படத்தைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்து, இரண்டு பிரதி கூட வாங்கிக்கொண்டு போனார்.

குறித்த நாளில் காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர் மத்தியானமாகியும் வரவில்லை. என் வீட்டுக்காரர் வெள்ளைச் சேட்டு மாட்டிக்கொண்டு வாசலுக்கும் அறைக்கும் நடந்தார். கடைசியில் கரண்டும் போய்விட்டது, மெஷினைப் பாவித்துக் காட்டவும் வழியில்லை. "எடுத்திட்டுப் போகப் போறாங்க" என்று அவர் சுவரைப் பார்த்து இருந்துவிட்டார்.

ரவீந்திரன் வந்து சேர்ந்தபோது சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் கதை வந்தது. செக்பொயின்டில் புது அட்டையை நீட்டியிருக்கிறார். ஆமிக்காரன் அட்டையை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "இது ஒங்கட தம்பி. ஒங்கட காட் எங்க?" என்றானாம். தம்பியும் இல்லை, கையில் வேறு அட்டையும் இல்லை. வெயிலில் நிறுத்திவிட்டான். மேலதிகாரியே வண்டியில் வந்து, இந்தக் கறுவல்தான் அந்த வெள்ளை என்று உறுதி சொன்ன பிறகுதான் விட்டானாம்.

என் வீட்டுக்காரர் பில் புத்தகத்தைத் தேடினார், பாவிக்கிறோம் என்று காட்ட. ரவீந்திரன் கையை உயர்த்தி மறித்தார்.

"பில் வேணாம் அண்ணன். இந்த மெஷின் வேலை செய்யிறது இப்ப ஆமிக்கே தெரியும்." பேனையைத் திறந்து, படிவத்தில் 'பாவனையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கரண்ட் வரட்டும், நான் இருக்கிறன். இன்னொரு படம் எடுங்கக்கா. இந்த முறை என்னை மாதிரியே இருக்கட்டும்."

அன்றிலிருந்து அட்டைப் படங்களில் நான் ஒரு பருவைக்கூடத் தொடுவதில்லை. கலியாணப் படங்களை மட்டும் கொஞ்சம் வெளுக்கிறேன், அந்தச் செக்பொயின்டில் நிற்கிறவ மாமியார், அவவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நானில்லை.