பதினோராவது வளைவும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டும்

டிப்போவில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். மலைப்பாதையின் பதினாறு கொண்டை ஊசி வளைவுகளிலும், எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும், ஹாரன் அடிக்காமல் பஸ்ஸைத் திருப்ப மாட்டார். இருபத்திரண்டு வருடம் அப்படி ஓட்டியவருக்கு ஒரு திங்கட்கிழமை காலை வலது கண்ணின் ஓரத்திலிருந்து கருப்பாக ஏதோ இறங்கியது. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து வைப்பரைப் போட்டார். அழுக்கு போகவில்லை.

அடிவாரத்துக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒட்டியிருக்கற விழித்திரை கிழிஞ்சு பேந்து வருது. நாளைக்கே ஆபரேஷன். தள்ளிப்போட்டா பார்வை போயிடும்."

மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாரத்தில் விலாசம் கேட்டபோது ஹாரன்தான் சொன்னார்: அடிவார டிப்போவின் விலாசம். மலைமேல் வீட்டுக்குத் தபால் வந்து சேர வாரக்கணக்காகும் என்பதால் எந்தப் பாரத்திலும் அவருக்கு அதுதான் விலாசம்.

கண்ணில் ஊசிமுனை அளவுக்கு மூன்று துளை போட்டார்கள். உள்ளிருந்த கூழை எடுத்தார்கள். திரைக்கு அடியில் புகுந்த நீரை வடித்து, கிழிசலைச் சுற்றி லேசரால் சூடு வைத்தார்கள். அந்த இடம் ஒட்டிப்பிடிக்கும்வரை திரையை யார் அழுத்திக்கொண்டிருப்பது? அதற்காக ஒரு வாயுக் குமிழியை உள்ளே நிரப்பினார்கள். குமிழி எப்போதும் மேலே மிதக்கும். நோயாளி தரையைப் பார்த்தபடி இருந்தால்தான் அது கண்ணின் பின்சுவரில் போய் உட்காரும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் தாளைப் படித்துக் காட்டினார். "குனிஞ்சே இருக்கணும். குமிழி கரையறவரைக்கும் விமானத்துல ஏறக்கூடாது."

"நாங்க எங்கம்மா விமானத்துல ஏறப்போறோம்!" என்று மனைவி சிரித்தாள். நர்ஸும் சிரித்தார். ஹாரனும் குனிந்தபடியே சிரித்தார்.

அவருடைய பஸ்ஸை அன்று ஓட்டியது மனைவியின் அண்ணன். ஹாரன் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைப் பதித்து, காலடியில் இருந்த மனைவியின் பையை இடது கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறாவது வளைவில் வலது கண் கனத்தது. ஒன்பதாவதில் குமட்டியது. பதினோராவதில் யாரோ உள்ளிருந்து விரலால் கண்ணைத் தள்ளுவது போலிருந்தது. ஜன்னல் வெளிச்சம் மட்டுமாவது மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்த அந்தக் கண்ணில் அதுவும் அணைந்தது.

"ஏங்க, இன்னும் அஞ்சு வளைவுதான். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கலாம்," என்றாள் மனைவி.

பையில் அவள் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கிடந்தது. அடிவாரத்தில் தொளதொளவென்று இருந்தது, இப்போது வெடிக்கிற மாதிரி உப்பியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக அவர் பார்க்கிற வேடிக்கைதான். மேலே ஏற ஏற உள்ளே அடைத்த காற்று விரியும். பயணிகளிடம் காட்டி எத்தனை தடவை கேலி பேசியிருப்பார்! தன் கண்ணுக்குள்ளும் காற்றைத்தான் அடைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"மச்சான்! வண்டியத் திருப்பு! கீழ போ!"

"மேல ஆஸ்பத்திரி இருக்கே மாப்ள, பக்கத்துலதானே?"

"மேல போனா கண்ணு வெடிச்சிடும்டா! தண்ணித்தொட்டிகிட்ட ரோடு அகலம். அங்க ஒடிச்சுத் திருப்பு!"

பயணிகள் கூச்சல் போட்டார்கள். மச்சான் பதறிப்போய்த் திருப்பினார். நாலு வளைவு இறங்கியதும் பாக்கெட் தளர்ந்தது. கண்ணுக்குள் ஒரு சாம்பல் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. ஹாரன் வாய்விட்டு அழுதார். மனைவி ஆஸ்பத்திரி வாசல்வரை அந்தப் பாக்கெட்டைக் கையிலிருந்து விடவில்லை.

டாக்டரம்மா வெலவெலத்துப் போனார். "வீடு மலைமேலயா? சொல்லியிருந்தா காத்துக்குப் பதிலா எண்ணெய் வச்சிருப்பேனே! இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா கண்ணுக்கு ரத்தமே போயிருக்காது!"

குமிழி கரையும்வரை ஏழு வாரம் டிப்போவின் ஓய்வறையில் குனிந்தும் ஒருக்களித்தும் கிடந்தார். பார்வை திரும்பியது, ஆனால் பஸ் ஓட்டுகிற அளவுக்குத் திரும்பவில்லை. டைம் கீப்பர் வேலை கொடுத்தார்கள். டாக்டரம்மா தன் தாளில் 'மலை' என்பதையும் சேர்த்துவிட்டார். ஆனால் ஊரில் ஆஸ்பத்திரி அது ஒன்றுதானா?

அதனால் ஒவ்வொரு மலை பஸ்ஸும் கிளம்புமுன் ஹாரன் ஏறி நின்று கேட்பார்: "கண்ணு ஆபரேஷன் பண்ணி உள்ள காத்து வச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" எல்லோரும் சிரிப்பார்கள். 'ஹாரனுக்கு மரை கழன்றுவிட்டது' என்று டிப்போவிலேயே பேச்சு.

ஒன்பது மாதம் கழித்து ஒரு நாள் வழக்கம்போலக் கேட்டார், வழக்கம்போலச் சிரித்தார்கள். இறங்கப் போனவர் மூன்றாவது சீட்டில் ஒரு பெண் முன்கம்பியில் நெற்றியைப் பதித்திருப்பதைப் பார்த்தார். அருகே போய்க் குனிந்து அதையே மறுபடி கேட்டார்.

"ஆமாண்ணே, நேத்துதான் வச்சாங்க," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே. "விமானத்துலதானே ஏறக்கூடாதுன்னாங்க?"