செவ்வாய்க்குக் கிளம்பிய கன்டெய்னர்

கதை என்னுடையது. மூன்று விண்வெளி வீராங்கனைகள் செவ்வாய் கிரகத்துக்குப் போகிறார்கள். போய்ச் சேர எட்டு மாதம். வழியில் விண்கல் மோதாது, வேற்றுக்கிரகவாசி வரமாட்டான். செம போர் அடிக்கும். யார் தட்டு கழுவுவது என்று சண்டை போடுவார்கள். அவ்வளவுதான் படம்.

"இதுல கதை எங்க கீது?" என்று கேட்டாள் தண்டலத்துக்காரி.

"நம்ம பொழப்புல எங்கட்டி கதை இருக்கு?" என்றாள் திருநெல்வேலிக்காரி.

நாங்கள் மூவரும் ஒரகடம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒரே அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தோம். படப்பையில் ஒரே ஹாஸ்டல் அறை. ஒரு கல்லூரியில் குறும்படப் போட்டி என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்திதான் எங்களைக் கலைஞர்களாக்கியது.

கொரோனா காலத்தில் மிஞ்சிப்போன வெள்ளை பிபிஇ உடைகள் ஹாஸ்டல் வார்டனிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. இருபது லிட்டர் தண்ணீர் கேன்களின் அடியில் தலை அளவுக்கு வட்டமாக அறுத்தால் ஹெல்மெட். தலை உள்ளே போய்விட்டது. வெளியே எடுக்கத்தான் தேங்காய் எண்ணெய் தேவைப்பட்டது.

விண்கலத்துக்குத் தண்டலத்துக்காரியின் சித்தப்பா உதவினார். அவர் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் யார்டு ஒன்றில் வாட்ச்மேன். டிரெய்லர் மேல் நின்ற ஒரு காலி கன்டெய்னரைக் காட்டி, "ரெண்டு வாரமா சும்மா நிக்குது. எவனும் வர மாட்டான், எடுத்துக்கோங்க" என்றார். உள்ளே தெர்மோகோல் ஒட்டினோம். ராக்கெட் குலுங்கும் காட்சிக்கு, நான் போனில் மிஸ்டு கால் கொடுத்ததும் அவர் வெளியிலிருந்து கம்பியால் தட்டவேண்டும் என்று ஏற்பாடு.

ஞாயிறு காலை படப்பிடிப்பு. வாசலில் கறுப்பு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டோம், அதுதான் விண்வெளி. ஆனால் இரண்டு பேருக்கும் சலிப்பாக நடிக்க வரவில்லை. கேமராவைப் பார்த்ததும் கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் பல்லைக் காட்டினார்கள்.

"நைட் ஷிஃப்ட்ல கடைசி ரெண்டு மணி நேரத்த நெனைச்சுக்கோங்க" என்றேன்.

இரண்டு முகங்களும் அணைந்துபோயின. அப்படி ஒரு நடிப்பை நான் தியேட்டரில் பார்த்ததில்லை.

தண்டலத்துக்காரியின் போனைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி, ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு நானும் மூன்றாவது வீராங்கனையாக உள்ளே உட்கார்ந்தேன். திடீரென்று வெளியே படார் என்று ஒரு சத்தம். உள்ளே ஒரே இருட்டு, எங்கள் சார்ஜ் விளக்கு மட்டும் எரிந்தது. பிறகு கலமே குலுங்கியது.

"நான் இன்னும் மிஸ்டு காலே குடுக்கல" என்றேன்.

"சித்தப்பா இன்னாமா பண்றாரு பாரு!" என்று பூரித்தாள் தண்டலத்துக்காரி.

நான் எழுதிவைத்த வசனத்தைப் பேசிக்கொண்டே போனோம். ஒரு வளைவில் மூவரும் சேர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்தபோதுதான், வாட்ச்மேன் ஒருவரால் இந்த அளவுக்குக் கலைச்சேவை செய்ய முடியாது என்று எனக்கு உறைத்தது. லாரி ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் தெரிந்தது: புது டிரைவர் வந்திருக்கிறார், கறுப்புத் துணியை உள்ளே இருக்கும் இருட்டென்று எண்ணி, காலி என்று நினைத்துக் கதவைத் தாழிட்டுக் கிளம்பிவிட்டார். சித்தப்பா அப்போது பரோட்டா வாங்கப் போயிருந்தாராம்.

யார் போனிலும் சிக்னல் இல்லை. உள்ளே சட்டி போல் சுட்டது. திருநெல்வேலிக்காரி வேளாங்கண்ணி மாதாவிடம் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். உடனே, முடி உதிர்ந்தது போக மிச்சம் இருப்பதை மட்டும் தருவதாகத் திருத்தினாள். கேனைக் கழற்றவும் முடியாமல், கேனாலேயே சுவரை முட்டினோம்.

ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. சத்தம் கேட்டு டிரைவர் கதவைத் திறந்தார். வெள்ளை உடையில், தலையில் தண்ணீர் கேனோடு மூன்று பெண்கள். அவர் அலறுவார் என்று எதிர்பார்த்தேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, பொறுமையாகக் கேட்டார்:

"எந்தக் கம்பெனிமா நீங்க? ஷிஃப்ட் பஸ்ஸுன்னு மாறி ஏறிட்டீங்களா?"

திருநெல்வேலிக்காரி அழ ஆரம்பித்தாள், அழுகை பாதியில் சிரிப்பாக மாறியது. டிரைவர் டீக்கடை எண்ணெயைத் தடவிக் கேன்களைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு டீ வாங்கிக்கொடுத்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அதில் இருந்தவர்கள், வெள்ளை உடையும் கையில் கேனுமாக ஏறிய எங்களுக்காகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

நடந்தது முழுவதையும் போன் பதிவு செய்திருந்தது. ஒரு காட்சிகூட வெட்டாமல் அப்படியே போட்டிக்கு அனுப்பினேன். 'விண்வெளிப் பயணத்தில் நம்பகத்தன்மை போதாது' என்று பதில் வந்தது. நாங்கள் நிஜமாகவே பயணம் செய்ததை அவர்களுக்கு எப்படி விளக்குவது?

அடுத்த ஞாயிறு மதியம் ஹாஸ்டல் சாப்பாட்டு அறை டிவியில் படத்தைப் போட்டோம். மொட்டை வேண்டுதல் காட்சியில் ஒருத்தி சிரிப்பு தாங்காமல் சாம்பார் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் திரையைப் பார்க்கவில்லை, சாப்பிட வந்த பெண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்றும் அவர்களில் பாதிப் பேர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

படம் முடிந்ததும் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, அவங்க செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்தாங்களா?"

"அத எடுக்கலியே."

"வாணாங்க்கா. அங்க போனா வேலை குடுத்துடுவாங்க" என்றாள்.

அதற்குள் வார்டன் ரிமோட்டைப் பிடுங்கிச் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டார்.