களியோடு நிறுத்தியிருக்கலாம்

மலர் அக்கா மோசம் போய்விட்டாராம். காலையில் அவர் மகன் போன் எடுத்துச் சாவுச் செய்தி சொன்னான். அம்மாவின் போனில் என் நம்பர் இருந்ததாம்...

தென்மராட்சியில் கடல்நீரேரிப் பக்கம் ஒரு சின்னக் குளம். அதன் கரையில் கீரைத் தோட்டம் செய்தவர். நான் அந்தக் குளத்தை ஆழமாக்கும் புரொஜெக்டுக்குப் போன எஞ்சினியர். அவ்வளவுதான் பழக்கம்.

பெக்கோ மெஷின் கிண்டத் தொடங்கிய இரண்டாம் நாள், அக்கா நேரே அதன் முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, நீலக் களிமண் வந்திட்டுது. இனிக் கிண்டாதேங்கோ. நாங்கள் மேல் சேறு மட்டும்தான் தோட்டத்துக்கு அள்ளுறனாங்கள். களியைக் கண்டால் மண்வெட்டியைக் கழுவிப்போட்டு வந்திடுவம். உதுதான் தண்ணியைத் தாங்குது. கீழை உவர்.”

“அதெல்லாம் பாத்துத்தான் அக்கா பிளான் கீறினது. நீங்கள் போய்க் கீரையைப் பாருங்கோ.”

மெஷினில் வேலைசெய்த பெடியள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீ...

உண்மையில் ஒன்றும் பார்க்கவில்லை. ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்று நினைத்தேன். ரிப்போர்ட்டில் “ஊர்மக்களின் ஆலோசனை பெறப்பட்டது” என்று எழுதி, அக்காவின் கையெழுத்தையும் இணைத்தேன். அது அவர் முதலில் நடந்த ஊர்க்கூட்டத்துக்கு வந்ததற்கு வைத்த கையெழுத்து.

அந்த மாரித் தண்ணீர் தைப்பொங்கல் வரைக்கும்கூட நிற்கவில்லை. கோடையில் கீழிருந்து உவர் ஏறியது. அக்காவின் கிணறும் உவராகி, கீரையெல்லாம் கருகிப்போனது.

பார்க்கப் போனேன். அக்காவும் இரண்டு பெண்களும் கடகத்தில் களி சுமந்து வந்து, நாங்கள் கிண்டிய குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மாட்டை விட்டு உழக்கினால் திரும்பத் தண்ணி பிடிக்கும் தம்பி. என்ன, கொஞ்சக் காலம் எடுக்கும். வெயிலுக்கை நிக்கிறியள், தேத்தண்ணி குடியுங்கோவன்.”

மீட்டிங் இருக்கு என்று பொய் சொல்லி வாகனத்தில் ஏறினேன். நல்லா ஏசியிருக்கலாம் அக்கா நீங்கள்...

ஒப்பீஸில் “மழை குறைவு” என்று காரணம் எழுதினேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இன்று செத்தவீட்டுக்குப் போனேன். மகன் போத்தல் தண்ணீர் ஒன்று வாங்கிவந்து கையில் தந்தான்.

“கிணத்துத் தண்ணி இன்னும் வாயிலை வைக்கேலாது அண்ணை. குறை நினைக்காதேங்கோ.”

குறை நினைக்க வேண்டாமாம். என்னிடம் சொல்கிறான்...

போத்தலைத் திறக்காமலே அக்காவின் கால்மாட்டில் நின்றேன். கேட்க வேண்டிய மன்னிப்பு அப்போதும் வாயில் வரவில்லை. அத்தனை சனம் நின்றது, வெட்கம்.

இங்கே எழுதுகிறேன். மழை குறையவில்லை. பிழை என்னுடையது.

போய் வாங்கோ அக்கா.